3500 ரூபாய்க்குள்ள வயர் கேம் கன்ட்ரோலர், ஸ்டிக் துல்லியம்தான் முக்கியம்: கடலூர், பாண்டி ஆளுங்க வழி சொல்லுங்க

மஞ்சக்குப்பம்காரன் | கடலூர் | ஞாயிறு இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் என் முதல் இழை. தப்பான பகுதியில போட்டிருந்தா நடத்துறவங்க மாத்திடுங்க.

என்கிட்ட இருக்கிறது பழைய டெஸ்க்டாப், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். விளையாடுறது ராக்கெட் லீக் (காரை வச்சு பந்தடிச்சு கோல் போடுற ஆட்டம்), அப்புறம் ரெண்டு மூணு கார் ரேஸ். ஆன்லைன்ல 900 ரூபாய்க்கு ஒரு வயர் கன்ட்ரோலர் வாங்கி வச்சிருக்கேன். முதல் நாள்லேர்ந்தே அதுல ஒரு குறை. ஸ்டிக்கை லேசா சாய்ச்சா கார் அசையாது. இன்னும் ஒரு மயிரிழை சாய்ச்சா ஒரேயடியா வெட்டும். நடுவுல ஒண்ணுமே கிடையாது. எனக்குத்தான் கை வரலைன்னு நெனச்சு ஒரு வருஷம் ஓட்டிட்டேன். ஃபெஞ்சல் புயல் முடிஞ்ச கையோட தென்பெண்ணை தண்ணி ஊருக்குள்ள வந்துச்சே, அப்ப ஒரு வாரம் வீடு பூரா ஈரம். அதுக்கப்புறம் புதுசா இன்னொரு வியாதி: கையை எடுத்துட்டாலும் கார் தானா இடது பக்கம் போகுது, சாயங்காலம் மாடு கொட்டாய்க்குத் திரும்புற மாதிரி.

பட்ஜெட் 3500. வயர்தான் வேணும், சார்ஜ் போட்டுக் காத்திருக்க முடியாது. ஹால் எஃபெக்ட்னு எல்லா பெட்டியிலயும் போட்டிருக்கான், அது நெசமா விளம்பரமா? 1000 ஹெர்ட்ஸ்னா என்ன? அப்பா தினமும் வேலைக்குப் பாண்டி போறாரு, அங்க வாங்கினா விலை கம்மியா இருக்குமா?


ஈசிஆர்_பயணி | புதுச்சேரி | ஞாயிறு இரவு 9.22

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வாங்கு, யூஎஸ்பி வயர் சொருகு, விளையாடு. இதுக்கு ஒரு இழையா?


லாஸ்பேட்_ஆர்கேட் | புதுச்சேரி | ஞாயிறு இரவு 9.31

//எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வாங்கு//

தம்பி பட்ஜெட்டைப் படிச்சியா நீ? புதுசு அந்த விலைக்கு வராது. அதோட ஸ்டிக்கும் உள்ள கார்பன் பட்டைதான். இந்தத் தம்பிக்கு வந்த வியாதி அதுக்கும் வரும், என்ன, கொஞ்சம் லேட்டா வரும்.

விலை கம்மியான்னு கேட்டதுக்கு: அதெல்லாம் 2017 ஜூலையோட போச்சுப்பா. அதுக்கு முன்ன வாட் வரி இங்க கம்மி, கடலூர், விழுப்புரத்துலேர்ந்து டிவி, ஃப்ரிட்ஜ் தூக்கிட்டுப் போக வண்டி வண்டியா வருவாங்க. ஜிஎஸ்டி வந்தப்புறம் ரெண்டு ஊர்லயும் ஒரே வரி. ஆனா பாண்டியில ஒரு லாபம் இருக்கு. கடையில கெஞ்சினா பெட்டியைப் பிரிச்சு கையில கொடுப்பான்.


சாலிடர்மாமா | முத்தியால்பேட்டை | ஞாயிறு இரவு 10.48

இப்பதான் கடையடைச்சிட்டு வந்தேன். தம்பி, புதுசு வாங்குறதுக்கு முன்ன உன்கிட்ட இருக்கிறதுக்கு என்ன வியாதின்னு பார்ப்போம். அது புரிஞ்சாத்தான் புதுசுல எதைப் பார்த்து வாங்கணும்னு தெரியும். இல்லைன்னா இதே வியாதியை இன்னொரு பெட்டியில காசு கொடுத்து வாங்கிட்டு வருவ.

ஸ்டிக்குக்குக் கீழ ரெண்டு சின்ன பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். ஒண்ணு இட-வலம், இன்னொண்ணு மேல-கீழ. பழைய டேப் ரெக்கார்டர் வால்யூம் குமிழ்தான் அது, சைஸ் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவு. உள்ள குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச கருப்புக் கார்பன் பட்டை. அது மேல ஒரு மெல்லிசு உலோக நாக்கு உரசிட்டே போகும். நாக்கு எங்க நிக்குதோ அதுக்குத் தக்கபடி வோல்டேஜ் மாறும், சிப்பு அதை எண்ணா மாத்தி அனுப்பும். நீ அதிகமா ஆட்டுறது நடுப்பகுதியிலதான், அதனால பட்டை தேயறதும் அங்கதான். டேப் ரெக்கார்டர்ல வால்யூமைத் திருப்பினா கரகரன்னு ஒரு சத்தம் வருமே, அதே கோளாறுதான். அங்க காதுக்குக் கேட்டுது, இங்க கார் இடது பக்கம் போகுது.

இப்ப நான் சொல்றதைச் செய். பிரவுசர்ல கேம்பேட் டெஸ்டர் பக்கம் ஏதாவது ஒண்ணைத் திற. கன்ட்ரோலரை மேசை மேல வச்சிட்டு கையை எடு. இடது ஸ்டிக் எண் என்ன காட்டுதுன்னு எழுதிக்கோ. அப்புறம் ஸ்டிக்கை வலது பக்கம், கடிகார முள்ளு நகர்ற மாதிரி மெதுவா சாய். 0-லேர்ந்து அடுத்து வர்ற முதல் எண் எது, அது முக்கியம். அப்புறம் முழுசா இடது பக்கம் தள்ளிட்டு பட்டுனு விடு, எங்க வந்து நிக்குதுன்னு பாரு. இதையே வலது ஸ்டிக்குக்கும் பண்ணு. எல்லா எண்ணையும் இங்க போடு.


மஞ்சக்குப்பம்காரன் | கடலூர் | திங்கள் காலை 7.05

மாமா, காலேஜ் கிளம்புறதுக்கு முன்ன பண்ணிட்டேன்.

இடது ஸ்டிக்: கையை எடுத்தா சில தடவை 0.00, சில தடவை மைனஸ் 0.19. வலது பக்கம் மெதுவா சாய்ச்சா ரொம்ப நேரம் 0.00, திடீர்னு 0.16, அதுக்கப்புறம் ஒழுங்கா ஏறுது. இடது பக்கம் தள்ளி விட்டா மைனஸ் 0.19-லயே நின்னுடுது.

வலது ஸ்டிக்: கையை எடுத்தா 0.00, ஆடவே இல்ல. ஆனா சாய்ச்சா இதுலயும் 0.00, 0.00, 0.00, அப்புறம் டக்குனு 0.16.


சாலிடர்மாமா | முத்தியால்பேட்டை | திங்கள் மதியம் 1.40

உன் கையில குத்தம் இல்லப்பா. ஒரு வருஷம் உன்னையே திட்டிக்கிட்டது வீண்.

தேயாத வலது ஸ்டிக்கும் 0.16-லேர்ந்துதான் ஆரம்பிக்குது, கவனிச்சியா? அது தேய்மானம் இல்ல, டெட் ஸோன். விலை மலிவான பொட்டென்ஷியோமீட்டர் நடுவுல நேரா 0-ல நிக்காது, ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டம் கண்ணுல படாம இருக்க, செஞ்சவன் சிப்புக்குள்ளயே ஒரு போர்வை போத்திட்டான்: 0.16-க்குக் கீழ எது வந்தாலும் 0-ன்னு சொல்லிடு. வாங்கின நாள்லயே உனக்கு ஸ்டிக்கோட முதல் ஆறுல ஒரு பங்கு கிடையாது. சரி போத்தினவன், வெளிய வந்ததும் எண்ணை 0-லேர்ந்து ஏத்தியிருக்கலாம். அதையும் பண்ணல. அதான் வெட்டு வெட்டுன்னு வெட்டுது.

இப்ப ஈரம், தேய்மானம் எல்லாம் சேர்ந்து இடது ஸ்டிக் 0.19 வரைக்கும் விலகிடுச்சு. போர்வைக்கு வெளிய கால் நீட்டிடுச்சு, அதான் உனக்குத் தெரிய வந்துது.

துல்லியம்னு நீ கேட்கிறதுக்கு என் பதில் இந்த முதல் ஒரு மில்லிமீட்டர்தான். முழுசா தள்ளினா எந்த ஓட்டைக் கன்ட்ரோலரும் 1.00 காட்டும். நடுவுலேர்ந்து லேசா சாய்க்கிறப்ப என்ன காட்டுதுன்னு பாரு, சாயம் அங்க வெளுத்துடும்.


வயர்வேணாம் | கடலூர் ஓ.டி. | திங்கள் இரவு 8.15

எல்லாம் சரி, ஆனா எதுக்கு வயரு? இப்ப வர்ற நல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யூஎஸ்பில சொருகுற ரேடியோ குச்சி) எல்லாம் வயருக்குக் கிட்டத்தட்ட சமம். ப்ளூடூத்தை வச்சு எல்லா வயர்லெஸ்ஸையும் திட்டாதீங்க.


லாஸ்பேட்_ஆர்கேட் | புதுச்சேரி | திங்கள் இரவு 8.40

சமம்தான், நான் மறுக்கல. ஆனா அந்தச் சமத்துக்கு பேட்டரி, ரேடியோ, டாங்கிள் மூணுக்கும் காசு கொடுக்கணும். 3500 ரூபாய்ல அந்தக் காசு ஸ்டிக்குக்குள்ள போகட்டுமே. வயர் கேட்கிறவன் எல்லாம் பழைய ஆளுன்னு நினைக்காத.

அப்புறம், வயர்னாலே வேகம்னும் நம்பாதீங்க. 1000 ஹெர்ட்ஸ் கதை இதுதான்: கம்ப்யூட்டர் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை "ஏதாவது சேதி இருக்கா"ன்னு கன்ட்ரோலரைக் கேட்குதுன்னு சொல்ற எண் அது. 125 ஹெர்ட்ஸ்னா 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, 250-ன்னா 4, 1000-ன்னா 1. நீ பட்டன் அழுத்துற நேரமும் அது கேட்குற நேரமும் பொருந்தணும்னு இல்லையே, அதனால சராசரியா பாதி நேரம் காத்திருப்பு. 125-ல 4 மில்லிசெகண்ட், 1000-ல அரை. வித்தியாசம் மூணரை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஒரு ஃப்ரேமே, அதாவது ஸ்கிரீன்ல ஒரு படமே, 16.67 மில்லிசெகண்ட். கணக்குப் போட்டுக்கோ.


ஈசிஆர்_பயணி | புதுச்சேரி | திங்கள் இரவு 8.52

அப்ப 1000 ஹெர்ட்ஸ் சும்மா பந்தாவா?


லாஸ்பேட்_ஆர்கேட் | புதுச்சேரி | திங்கள் இரவு 9.03

சும்மான்னு சொல்லல. மூணரை மில்லிசெகண்ட் லேட்டானா அஞ்சுல ஒரு தடவை நீ அழுத்தினது அடுத்த ஃப்ரேமுக்குத் தள்ளிப் போகலாம். டெக்கன் மாதிரி ஒரு ஃப்ரேமுக்கு உசுரை விடுற சண்டை ஆட்டத்துல எனக்கு அது முக்கியம். கார் ஓட்டுறவனுக்கு ஸ்டிக்தான் முதல்ல, இது அப்புறம். ரெண்டும் கிடைச்சா வேணாம்னு சொல்லாத, அவ்ளோதான்.

இன்னொண்ணு. கம்ப்யூட்டர் 1000 தடவை கேட்டாலும் உள்ள இருக்கிற சிப்பு ஸ்டிக்கை 200 தடவைதான் படிக்குதுன்னா மீதி 800 தடவை அதே பழைய சேதிதான் வரும். பெட்டியில போட்டிருக்கிறது முதல் எண். இரண்டாவதை எவனும் போடறதில்ல.

பட்டன் பத்தியும் யாராவது பேசுங்கப்பா. டி-பேடுல, அதான் அந்த நாலு பக்க திசை பட்டன், வலது அழுத்திப் பிடிச்சிட்டு கட்டைவிரலை மேலயும் கீழயும் லேசா உருட்டிப் பாரு. டெஸ்டர் பக்கத்துல கேட்காமலே மேல் பக்க விளக்கும் சேர்ந்து எரிஞ்சா அதை அங்கயே வச்சிட்டு வந்துடு. உக்காருன்னா குதிக்கிற டி-பேடு எல்லாம் நான் பார்த்திருக்கேன்.


நெய்வேலி_லினக்ஸ் | நெய்வேலி | திங்கள் இரவு 11.20

சாலிடர்மாமா சொன்னதோடு ஒரு வேறுபாட்டைச் சேர்க்க விரும்புகிறேன். டெட் ஸோன் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. கன்ட்ரோலருக்குள் ஒன்று இருக்கலாம். விளையாட்டுக்குள் இன்னொன்று இருக்கலாம். ஸ்டீம் செயலியின் கன்ட்ரோலர் அமைப்பான ஸ்டீம் இன்புட் இயங்கினால் அங்கே மூன்றாவது.

விண்டோஸில் விளையாட்டுகள் கன்ட்ரோலரைப் படிக்கும் வழியான எக்ஸ்இன்புட்டில் ஸ்டிக்கின் ஒவ்வொரு அச்சும் மைனஸ் 32768 முதல் 32767 வரை போகும். விளையாட்டு எழுதுவோருக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பரிந்துரை மதிப்பு இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689. அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து ஸ்டிக்குகளை மனதில் வைத்துக் கொடுத்த எண்கள். இன்றும் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும் விளையாட்டுகள் உள்ளன. அவற்றில் எவ்வளவு நல்ல ஸ்டிக் வாங்கினாலும் முதல் கால்பங்கு செத்ததுதான். எனவே பிரவுசரில் எண் தாவினால் கோளாறு கன்ட்ரோலருக்குள். பிரவுசரில் ஒழுங்காக ஏறி, விளையாட்டில் மட்டும் தாவினால் விளையாட்டின் அமைப்பைப் பாருங்கள். தம்பிக்கு முதல் வகை. ராக்கெட் லீக்கில் டெட் ஸோனைக் குறைக்க வழி இருப்பது நல்வாய்ப்பு.

இரண்டாவது, வட்டப் பிழை. டெஸ்டர் பக்கத்தில் ஸ்டிக்கைச் சுற்றினால், அதன் பாதை சரியான வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று ஒரு சதவீதம் வரும். அது 0 என்றால் ஆகா என்று வாங்குகிறார்கள். எந்த ஸ்டிக்கும் இயல்பில் அப்படிச் சுத்தமான வட்டம் போடாது. வட்டத்துக்கு வெளியே போவதைக் கன்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் சீவி எறிவதால் வரும் 0 அது. அதிகமாகச் சீவினால், ஸ்டிக் இன்னும் விளிம்பைத் தொடாதபோதே 1.00 வந்துவிடும். எட்டு, பத்து சதவீதம் காட்டும் ஸ்டிக் உங்களுக்கு முழு வீச்சையும் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

லினக்ஸில் இருப்பவர்கள் ஈவ்டெஸ்ட் என்ற சோதனை நிரலை ஓட்டுங்கள், பிரவுசர் வேண்டாம். அதில் ஃபஸ் (நடுக்க வடிகட்டல்) 16, ஃப்ளாட் (டெட் ஸோன்) 128 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், லினக்ஸின் எக்ஸ்பேட் என்ற கன்ட்ரோலர் டிரைவர் வைப்பது அது. 32767-இல் 128 என்பது அரை சதவீதம்கூட இல்லை.


துறைமுகத்தக்கா | கடலூர் ஓ.டி. | செவ்வாய் மதியம் 2.30

ஹெர்ட்ஸ், சதவீதம் எல்லாம் பேசறீங்க, வயரைப் பத்தி ஒருத்தர் வாயைத் திறக்கல. வயர் கன்ட்ரோலர்ல முதல்ல சாகறது வயர்தான். என் பையன் மூணு ஒடச்சிருக்கான், மூணும் ஒரே இடம்: கன்ட்ரோலர்லேர்ந்து வயர் வெளிய வர்ற கழுத்து. அது நிரந்தரமா ஒட்டின வயர்னா முழுசையும் தூக்கிப் போடணும், இல்ல மாமா மாதிரி ஆளைத் தேடணும். கழட்டி மாட்டுற டைப்-சி வச்சதா பாரு தம்பி.

ஆனா வீட்ல கிடக்கிற எந்த வயரையும் சொருகிடாத. போன மாசம் ஒரு கூத்து. புதுக் கன்ட்ரோலர், விளக்கு எரியுது, கம்ப்யூட்டர் கண்டுக்கவே இல்ல. கடைக்காரன்கிட்ட ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில பார்த்தா நான் எடுத்துட்டுப் போனது ப்ளூடூத் ஸ்பீக்கரோட சார்ஜ் வயர், அதுக்குள்ள டேட்டா கம்பியே கிடையாது. அந்தப் பக்கம் போனா இன்னும் தலையைக் குனிஞ்சுட்டுத்தான் போறேன்.

அப்புறம் உப்புக் காத்து. எங்க வீடு துறைமுகத்துக்குப் பக்கம். ஜன்னலோரம் வச்ச கன்ட்ரோலரோட யூஎஸ்பி முனை ஆறு மாசத்துல பச்சை பூத்துடும். விளையாடி முடிச்சதும் மூடி போட்ட டப்பாவுல, செருப்புப் பெட்டியில வருமே அந்த சிலிக்கா பொட்டலம் ரெண்டு போட்டு வைக்கிறேன். அப்படி வச்சிருக்கிற ஒரு எக்ஸ்பாக்ஸ் 360 வயர் கன்ட்ரோலர், 'தானே' புயலுக்கு முன்ன வாங்கினது. 2011 டிசம்பர்ல ஊரே தலைகீழாச்சு, அது இன்னும் ஓடுது.


சாலிடர்மாமா | முத்தியால்பேட்டை | செவ்வாய் இரவு 10.15

அக்கா சொன்னதுக்கு நூத்துக்கு நூறு. எங்கிட்ட வர்ற பத்துல நாலு வயர் கேஸ்தான். கம்ப்யூட்டர் முன்பக்க யூஎஸ்பி லூஸா இருந்தா பின்பக்கம் சொருகு, பாதி பேருக்கு "விட்டு விட்டுப் போகுது" அதோட சரியாயிடும்.

ஹால் எஃபெக்ட் கேட்டிருந்தியே. நெசம்தான். ஸ்டிக் காலடியில ஒரு சின்ன காந்தம், எதிர்ல ஒரு சென்சார். காந்தம் சாயறதை சென்சார் தொடாமலே கண்டுபிடிக்கும். உரசல் இல்ல, கார்பன் பட்டை இல்ல, தேய ஒண்ணுமில்ல. எட்வின் ஹால் 1879-ல கண்டுபிடிச்ச சமாச்சாரம், சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலர்ல 1998-லயே வந்தாச்சு. இப்பதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்கு. டிஎம்ஆர்னு இன்னொண்ணும் வருது, அதுவும் காந்தம்தான், கரண்ட் கம்மியா தின்னும். அந்தச் சிக்கனம் பேட்டரிக்காரனுக்குத்தான் பெருசு, வயர்காரன் உனக்கு அதுக்காகக் கூட காசு போட வேணாம்.

ஆனா ஒண்ணு. ஹால்னா தேயாது, அவ்ளோதான் உத்தரவாதம். துல்லியமா இருக்கும்னு ஹால் எங்கயும் கையெழுத்துப் போடல. காந்தத்தைக் கோணலா ஒட்டினா நடு தப்பும். ஸ்பிரிங் தொளதொளன்னு இருந்தா, விட்டதும் எதிர்ப் பக்கம் தாண்டிப் போய்ட்டுத் திரும்பும், கார் ஒரு வெட்டு வெட்டும். ஹால் ஸ்டிக் மேல பழைய பழக்கத்துல போர்வை போத்துறவனும் இருக்கான். பெட்டியைப் படிக்காத, எண்ணைப் படி.

உன் தேவைக்குப் பார்க்க வேண்டியதுன்னா ரெண்டு பேர் சொல்றேன். எய்ட்பிட்டோ அல்டிமேட் 2சி வயர் மாடல்: ஹால் ஸ்டிக், ஹால் ட்ரிகர், 1000 ஹெர்ட்ஸ். கேம்சர் ஜி7 எஸ்இ: வயர் மட்டும்தான், ஹால் ஸ்டிக், கழட்டி மாட்டுற 3 மீட்டர் டைப்-சி வயர், பின்னாடி ரெண்டு பட்டன். நெக்ஸஸ்னு அதுக்கு ஒரு ஆப் இருக்கு, அதுல டெட் ஸோனை நீயே மாத்திக்கலாம். ஜி7-ன்னு எஸ்இ இல்லாமலும் ஒண்ணு இருக்கு, அதோட ஸ்டிக் ஹால் கிடையாது, பெட்டியைப் பார்த்து எடு. எது கையில கிடைக்குதோ அதைச் சோதிச்சு வாங்கு.


வயர்வேணாம் | கடலூர் ஓ.டி. | செவ்வாய் இரவு 10.31

மாமா கமிஷன் எவ்ளோ? 😄


சாலிடர்மாமா | முத்தியால்பேட்டை | செவ்வாய் இரவு 10.33

ரெண்டு டீ, ஒரு பஜ்ஜி.


மஞ்சக்குப்பம்காரன் | கடலூர் | சனி இரவு 9.50

பாண்டி போய்ட்டு வந்தேன். பிரெண்டோட லேப்டாப்பைப் பையில போட்டுக்கிட்டு 20 கிலோமீட்டர் சொச்சம் பஸ்ல நின்னுக்கிட்டே போனேன். நேரு வீதி பக்கம் ஒரு கடை. லேப்டாப்பைத் திறந்ததும் கடைக்காரர் "தம்பி, இன்னா ரெய்டா?"ன்னாரு. வாங்கிட்டுத்தான் போவேன்னு சத்தியம் பண்ணினதும் ரெண்டு பெட்டி பிரிச்சாரு.

முதல்ல ஒண்ணு, பேர் வேணாம். பெட்டி பூரா ஸ்டிக்கர்: ஹால் எஃபெக்ட், 1000 ஹெர்ட்ஸ், 0 சதவீத வட்டப் பிழை. விலையும் பட்ஜெட்டுக்குள்ள. கையை எடுத்தா சுத்தமா 0.00. சந்தோஷமாயிட்டேன். மெதுவா சாய்ச்சா 0.00, 0.00, அப்புறம் 0.0784. சரி, என்கிட்ட இருக்கிறதைவிடப் பாதிதானேன்னு பார்த்தா, அதுக்கு மேல எண் வழவழன்னு ஏறல. 0.0863, 0.0941-ன்னு படி படியா ஏறுது. இன்னும் மெதுவா போனாலும் அதே படிதான். பட்டுனு விட்டா எதிர்ப் பக்கம் ஒரு கணம் மைனஸ் 0.11 மின்னி மறையுது. இது ஏன்னு யாராவது சொல்லுங்க.

ரெண்டாவது ஜி7 எஸ்இ. இதை மெதுவா சாய்க்கும்போது எண் தொடர்ந்து நகர்ந்துச்சு, என் விரல் நடுங்குறதுகூடத் தெரிஞ்சுது. கையை எடுத்தா 0-வை ஒட்டியே நிக்குது. டி-பேடும் அண்ணன் சொன்ன மாதிரி உருட்டிப் பார்த்தேன், மேல் விளக்கு எரியல. பட்ஜெட் தாண்டிடுச்சு, மிச்சத்துக்கு அப்பாவுக்கு போன் போட்டேன். "ஒரு பொம்மைக்கா?"ன்னு கேட்டுட்டு ஜிபே பண்ணிட்டாரு.


நெய்வேலி_லினக்ஸ் | நெய்வேலி | சனி இரவு 10.12

//0.0863, 0.0941-ன்னு படி படியா ஏறுது//

ஒரு படிக்கு 0.0078. மைனஸ் 1 முதல் 1 வரையிலான முழு வீச்சு 2, அதை 255-ஆல் வகுத்துப் பாருங்கள். ஸ்டிக்கின் முழு வீச்சையும் 256 படிகளாக மட்டும் சொல்கிறது, அதாவது 8 பிட். அது தன்னளவில் குற்றமில்லை. சோனியின் டூயல்ஷாக் 4-உம் ஸ்டிக்குக்கு 8 பிட்தான் அனுப்புகிறது, அதை வைத்து உலகமே விளையாடியது. ஆனால் அந்தப் படிகளில் முதல் ஒன்பதை டெட் ஸோன் விழுங்கிவிட்டது, விட்டால் எதிர்ப் பக்கம் துள்ளுகிறது. மூன்றும் சேர்ந்தால் வாங்காமல் வந்தது சரி.


லாஸ்பேட்_ஆர்கேட் | புதுச்சேரி | சனி இரவு 10.20

அந்த மைனஸ் 0.11 துள்ளலை மறைக்கத்தான் அந்த டெட் ஸோனே வச்சிருப்பான், அதுவும் பத்தல. சரி, போலிங் ரேட், அதான் அந்த 1000 ஹெர்ட்ஸ் கணக்கு, பார்த்தியா?


மஞ்சக்குப்பம்காரன் | கடலூர் | சனி இரவு 10.26

பிரவுசர்லயே ஒரு பக்கத்துல பார்த்தேன், ரெண்டுக்கும் 60 பக்கம்தான் காட்டுச்சு.


லாஸ்பேட்_ஆர்கேட் | புதுச்சேரி | சனி இரவு 10.29

ஹாஹா, அது உன் லேப்டாப் ஸ்கிரீனோட வேகம். பிரவுசர் பக்கம் ஸ்கிரீன் புதுப்பிக்கிற வேகத்துலதான் கன்ட்ரோலரைப் பார்க்கும். ஸ்டிக் எண் பார்க்க பிரவுசர் போதும், ஹெர்ட்ஸ் அளக்க அதை நம்பாத.


சாலிடர்மாமா | முத்தியால்பேட்டை | சனி இரவு 11.05

நல்ல வேலை பண்ணின. இப்ப வீட்டுல மூணு விஷயம். நெக்ஸஸ்ல டெட் ஸோனை 0-க்கு இறக்கு. கையை எடுத்தும் கார் ஆடுச்சுன்னா ஒண்ணு ஒண்ணா ஏத்து, ஆட்டம் நிக்கிற இடத்துலயே நிறுத்திடு, அதுக்கு மேல ஒரு புள்ளிகூட வேணாம். அப்புறம் ராக்கெட் லீக்குக்குள்ள போய் அங்கயும் இதே மாதிரி இறக்கு. ஸ்டீம் வழியா வேற கேம் விளையாடினா ஸ்டீம் இன்புட்ல தனியா டெட் ஸோன் இருக்கான்னு பாரு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு மூணு போர்வை போத்திட்டு புழுங்குதுன்னு அழாத.

முதல் ரெண்டு நாள் கார் கண்டபடி ஓடும். கன்ட்ரோலர் மோசம்னு நெனைக்காத. இத்தனை நாளா செத்த ஸ்டிக்கைத் தள்ளித் தள்ளி உன் கட்டைவிரல் முரட்டுத்தனமாயிடுச்சு.


மஞ்சக்குப்பம்காரன் | கடலூர் | செவ்வாய் இரவு 10.40

மாமா சொன்னது அப்படியே நடந்துச்சு. ஞாயித்துக்கிழமை பூரா கோல் போஸ்ட்டுக்குப் பதிலா சுவத்துலதான் மோதினேன். பழையபடி அழுத்தித் தள்ளுறேன், கார் வட்டம் அடிக்குது. இன்னைக்கு ஒரு பந்து நேரா மேலேர்ந்து இறங்குச்சு, காரை நிமிர்த்தி மூக்கை ஒரு கோடு, ஒரே ஒரு கோடு மட்டும் திருப்பினேன். முன்னல்லாம் அந்தத் திருப்பமே இருந்ததில்ல. கோல் விழல, கம்பத்துல பட்டுத் திரும்பிடுச்சு. ஆனா மூக்கு நான் நெனச்ச இடத்துக்குப் போச்சு.

நெக்ஸஸ்ல இடது ஸ்டிக் 1, வலது 0. கேம்ல குறைஞ்சபட்சம். இடதுல 0 வச்சா மெனுவுல மட்டும் எப்பவாவது ஒரு தடவை நகருது, அதான் 1.

பழசைத் தூக்கிப் போட மனசு வரல. மாமா, இதுக்கு ஸ்டிக் மட்டும் மாத்தலாமா?


சாலிடர்மாமா | முத்தியால்பேட்டை | செவ்வாய் இரவு 11.10

மாத்தலாம். ஆனா சும்மா பிடுங்க வராது. பொட்டென்ஷியோமீட்டர் ரெண்டுக்கும் மூணு மூணு கால், அழுத்துற பட்டனுக்கு நாலு, கூட்டைப் பிடிச்சிருக்கிறது நாலு, ஆக மொத்தம் 14 கால். எல்லாத்துலயும் ஈயத்தை உறிஞ்சி எடுத்தாத்தான் வெளிய வரும். அவசரப்பட்டு நெம்பினா போர்டுல இருக்கிற செம்புப் பாதை உரிஞ்சுடும், அப்புறம் எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. போர்வை சிப்புக்குள்ள இருக்கிறதால ஸ்டிக் மாத்தினாலும் அந்த 0.16 போகாது, தானா இடது பக்கம் போறது மட்டும் நிக்கும். கை பழக நல்ல சாமான். ஞாயித்துக்கிழமை கடை மூடியிருக்கும், பத்து மணிக்கு மேல எடுத்துட்டு வா, நானே உக்கார வச்சுக் காட்டறேன்.


துறைமுகத்தக்கா | கடலூர் ஓ.டி. | புதன் காலை 6.50

தம்பி, நானும் அன்னைக்குப் பாண்டி போறேன். என் பையனோட கழுத்து ஒடஞ்ச மூணும் ஒரு பையில இருக்கு, மாமாகிட்ட கொடுத்துடு. காலையில எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். சிலிக்கா பொட்டலமும் உனக்கு எடுத்து வச்சிருக்கேன்.


கைப்பேசி_காளை | பண்ருட்டி | புதன் காலை 9.15

இந்த ஜி7 எஸ்இ மொபைல்ல ஓடுமா?


சாலிடர்மாமா | முத்தியால்பேட்டை | புதன் காலை 9.40

புது இழை போடு ராசா. எந்த போனுன்னு தலைப்புலயே எழுது.